சாமுவேல் ஆட்லரின் சேர்ந்திசை: யூத ஜெப ஆலயத்துக்கா, கச்சேரி மேடைக்கா?

பழையஇசை:
போன வாரம் இங்கே ஒருவர், பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் எழுதிய 'சிசெஸ்டர் சங்கீதங்கள்' (1965) கேட்டாலே போதும், அதற்குப் பிறகு யூதச் சேர்ந்திசையில் கேட்க ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. சாமுவேல் ஆட்லர் என்ற இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கவே கூடாது.

1928இல் ஜெர்மனியின் மான்ஹைமில் பிறந்தவர். அப்பா ஹூகோ ஆட்லர் அந்த ஊர்ப் பெரிய ஜெப ஆலயத்தின் கேன்டர், அதாவது வழிபாட்டைப் பாடி நடத்துகிறவர், இசையமைப்பாளரும் கூட. 1938 நவம்பரில் நாஜிகள் அந்த ஆலயத்தை அழித்தார்கள். அடுத்த வருடம் குடும்பம் அமெரிக்கா வந்து, மாசசூசெட்ஸில் உள்ள உஸ்டர் ஊரில் அப்பா மறுபடியும் கேன்டர் ஆனார். பையன் பாஸ்டனிலும் ஹார்வர்டிலும் படித்து, ஹிண்டமித், பிஸ்டன், கோப்லண்ட் என்று பெரிய ஆசிரியர்களிடம் கற்று, 1953 முதல் 1966 வரை டல்லாஸ் நகரத்து டெம்பிள் எமானுவேல் ஜெப ஆலயத்தில் இசை இயக்குநராக இருந்தார். பிறகு ஈஸ்ட்மன், ஜூலியார்டு இசைக் கல்லூரிகளில் பேராசிரியர் வாழ்க்கை. நானூறுக்கு மேல் படைப்புகள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன பைபிள் கதையை வைத்து எழுதிய 'தி பைண்டிங்' (1967) என்ற ஓரட்டோரியோவை, அதாவது பாடகர்களும் வாத்தியக் குழுவும் நடிப்பில்லாமல் கதை சொல்லும் படைப்பை, மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். ஜெப ஆலயத்திலேயே வளர்ந்த ஒருவர் அங்கே கேட்டதையும் நவீன இசையின் கூர்மையையும் ஒரே மூச்சில் பாட வைத்திருக்கிறார்.

அப்புறம் ஒன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 70களுக்குப் பிறகு அமெரிக்க ஜெப ஆலயங்கள் சேர்ந்திசையைத் தள்ளிவிட்டுக் கிட்டாரைக் கையில் எடுத்தது பெரிய இழப்பு.

மருதம்:
ஐயா, ஆட்லரின் திறமையை யார் மறுத்தார்கள்? ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது வாத்தியங்களுக்கு இசையைப் பிரித்து எழுதும் கலை பற்றிய அவருடைய பாடநூல் 1982இல் வந்தது, இன்றும் இசைக் கல்லூரிகளில் அதைத்தான் வைத்துப் படிக்கிறார்கள். ஆனால் கடைசி வரியில் நீங்கள் சொன்னதை ஏற்க மாட்டேன்.

அந்தக் காலத்துச் சீர்திருத்த யூத ஆலயங்களில், அதாவது பழைய விதிகளைத் தளர்த்திய பிரிவின் ஆலயங்களில், என்ன நடந்தது? மாடத்தில் ஆர்கன் வாத்தியம், பக்கத்தில் சம்பளத்துக்குப் பாடும் குழு, அதில் பல பேர் யூதர்களே இல்லை. கீழே உட்கார்ந்திருந்த ஜனங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். தங்களுடைய பிரார்த்தனையை வேறு யாரோ பாட, தாங்கள் பார்வையாளர்களாக இருப்பது இளைஞர்களுக்குப் பொறுக்கவில்லை. கோடைக்கால முகாம்களில் பாடிய பாட்டுகளோடு அவர்கள் ஆலயத்துக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பாடகி டெபி ஃப்ரீட்மன் 1972இல் முதல் இசைத்தட்டு வெளியிட்டார், நோயாளிகளுக்காக அவர் அமைத்த வேண்டுதல் பாடலை இன்று பிரிவு வேறுபாடில்லாமல் பாடுகிறார்கள். 2011இல் அவர் இறந்தபின், கேன்டர்களைப் பயிற்றுவிக்கும் ஹீப்ரூ யூனியன் கல்லூரியின் இசைப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். நோயில் கிடக்கும் அம்மாவுக்காக ஒருவர் தன் குரலிலேயே பாடி வேண்டிக்கொள்ள முடிகிறதே, அதை இழப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

செந்தில்_டொராண்டோ:
நான் இரண்டு பக்கமும் இல்லை. யூத வழிபாட்டில் காலை, மாலை, ஓய்வுநாள், பண்டிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெட்டு முறை இருக்கிறது, நுசாக் என்பார்கள். அந்த உயிர் இருந்தால்தான் அது யூத இசை. ஆட்லரிடம் எனக்குக் கேட்பது ஹிண்டமித்தின் ஹார்மனியும் (சுரங்களை ஒன்றாக ஒலிக்க அடுக்கும் முறை) எபிரெயச் சொற்களும்தான். ஃப்ரீட்மனிடம் கேட்பது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 70களில் ஜெருசலேம் வரை போய் யூத வேதத்தை வாசிக்கும் ராகங்களைக் கற்றார், பிறகு 1981இல் நான்கு பெண் குரல்களுக்காகச் சங்கீதங்களை வைத்து 'தெஹிலிம்' எழுதினார். எபிரெயச் சொல்லின் தாளம்தான் அங்கே இசையையே நடத்திக்கொண்டு போகிறது. யூதச் சேர்ந்திசைக்கு எதிர்காலம் இருந்தால் அது அந்த வழியில்தான்.

யாழினி_நெல்லை:
செந்தில் அண்ணா, அதே ரைக் 'தெஹிலிம்' பற்றிப் பேசும்போது, மேற்கத்திய ஜெப ஆலயங்களில் சங்கீதங்களைப் பாடும் வாய்மொழி மரபு அறுந்துவிட்டது, அதனால்தான் பழைய மெட்டைப் பின்பற்றாமல் சுதந்திரமாக எழுத முடிந்தது என்று விளக்கியிருக்கிறார். நீங்கள் மரபுக்கு உதாரணமாகக் காட்டுகிற படைப்பிலேயே மரபு மெட்டு கிடையாது. ஆட்லரின் 'ஐந்து செபார்டிக் கோரஸ்கள்' (1991) ஸ்பெயின் வழிவந்த யூதர்களின் மரபு மெட்டுகளின் மேல் எழுப்பியது. அப்படியானால் உங்கள் அளவுகோலில் யார் அதிக யூதர்?

மருதம் அக்கா, சம்பளக் குழு என்று சொல்வதும் பாதிதான் சரி. நியூயார்க்கின் ஸமீர் கோரல் என்ற யூதச் சேர்ந்திசைக் குழு 1960இல் தொடங்கியது, பாஸ்டனின் ஸமீர் 1969இல். 1993இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஹஸமீர் வந்தது. இவர்கள் எல்லாரும் ஆசையால் பாடுகிறவர்கள். நானும் வேறொரு சாதாரணக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன். ஆட்லரின் தாளம் முதல் ஒத்திகையில் பிடிபடாது, அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழும், அவரவர் வரியை அவரவரே சுமக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. பிடிபட்ட பிறகு அந்தச் சொற்கள் மறக்காது. அதுவும் சொந்தக் குரலில் பாடுவதுதான் அக்கா.

பழையஇசை:
யாழினி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செந்தில் தம்பி, நுசாக் ஒன்றுதான் யூத இசை என்றால் வியன்னாவின் கேன்டர் சாலமன் சுல்ஸரை எங்கே வைப்பீர்கள்? ஷூபர்ட் 1828இல் 92ஆம் சங்கீதத்தை எபிரெயத்திலேயே இசையமைத்தது அவருக்காகத்தான். பெர்லினில் ஆலயத்துக்கு இசை எழுதிய லெவன்டோவ்ஸ்கியை? அவர்களுடைய நான்கு குரல் இசை, ஆர்கன், எல்லாம் ஜெர்மன் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அழுததும் மகிழ்ந்ததும். மான்ஹைம் ஆலயத்தில் 1855 முதலே ஆர்கன் இருந்தது. ஓய்வுநாளில் வாத்தியம் வாசிக்கக் கூடாது, அது தேவாலய வழக்கம் என்று வைதீகர்கள் அப்போதே எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கும் முன்னால் பாருங்கள், இத்தாலிய யூத இசையமைப்பாளர் சலமோனே ரொஸ்ஸி 1620களில் வெனிஸில் எபிரெயச் சேர்ந்திசைத் தொகுப்பை அச்சிட்டபோது, அதற்கு ஆதரவாக லியோன் மொடேனா என்ற ரபி (யூத மதகுரு) முன்னால் நின்று வாதாட வேண்டியிருந்தது. நானூறு வருடமாக இதே வழக்குதான்.

துரத்தப்பட்ட அந்தப் பையன் ஆட்லர், அமெரிக்க ராணுவ வீரனாக மறுபடி ஜெர்மனிக்குப் போய், 1952இல் ஏழாவது ராணுவ சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கி அந்த மண்ணிலேயே இசை நடத்தினார். அவருடைய ஐந்தாம் சிம்பனிக்கு (1975) 'நாங்கள் எதிரொலிகள்' என்று பெயர். எரிந்துபோன ஒரு மரபை உயிரோடு கையில் கொண்டுவந்தவரை, இது ஹிண்டமித், இதில் யூதம் இல்லை என்று ஒதுக்கினால் எனக்கு வலிக்கிறது.

செந்தில்_டொராண்டோ:
ஒதுக்கவில்லை ஐயா. சுல்ஸரே பழைய வியன்னா மெட்டுகளைத் தேடி எடுத்துச் சுத்தப்படுத்தி எழுதியவர், அது என் பக்கத்துச் சான்று. மான்ஹைமின் துயரம் உண்மை, ஆனால் துயரத்தின் அளவை வைத்து ஒரு ஹார்மனி யூதமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது.

மருதம்:
யாழினி, நீ சொன்ன ஸமீர் குழுக்களை நானும் கேட்டிருக்கிறேன், அருமையாகப் பாடுகிறார்கள். ஆனால் எங்கே பாடுகிறார்கள்? பெரும்பாலும் மேடையில், டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால். என் கேள்வி ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றியது. வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிற நாற்பது பேருக்கு, ஒத்திகை இல்லாமல் பாட ஒரு பாட்டு வேண்டும். ஆட்லர் 1963இல் ஓய்வுநாள் வழிபாடு முழுவதற்கும் 'ப்ஷஆரே தெஃபிலா' எழுதினார், சரி. அதில் இந்த நாற்பது பேருக்கு என்ன இருக்கிறது? 'தி பைண்டிங்' மகத்தான படைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதன் இடம் மேடை. ஆலயத்தை ஜனங்களிடம் விட்டுவிடுங்கள்.

யாழினி_நெல்லை:
ஆலயத்தை ஜனங்களிடம் விடுவதை நான் எதிர்க்கவே இல்லை அக்கா. அந்த நாற்பது பேரில் நான்கு குரலில் பாட ஆசைப்படுகிற பத்துப் பேர் இருப்பார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது அவர்களுக்கு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். டல்லாஸில் ஆட்லர் பதின்மூன்று வருடம் ஒரே சபையோடு இருந்தார், அவர்களுக்காக எழுதினார், அவர்களோடு ஒத்திகை பார்த்தார். பாடுகிறவர்களை அப்படி வளர்க்க ஆள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அதற்கு ஃப்ரீட்மனும் காரணமில்லை, கிட்டாரும் காரணமில்லை.

மருதம்:
மாதம் ஒரு வெள்ளி என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் மாடத்தில் வேண்டாம், கீழே ஜனங்களோடு நின்று பாடட்டும்.