தலைப்பு வரிசை அடுத்த பக்கத்தில் வரவில்லை

கேள்வி (குலசேகரம்):
வேர்டில் எங்கள் ரப்பர் பால் கணக்கு அட்டவணை பல பக்கங்களுக்கு நீள்கிறது. தேதி, எடை, உலர் ரப்பர் விழுக்காடு, தொகை என்னும் தலைப்பு வரிசை, 'ரிபீட் ஹெடர் ரோஸ்' கொடுத்த பின்பும், முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. 34.5, 36.25 போன்ற எண்களும் புள்ளிக்கு நேராக நிற்கவில்லை.

பதில் (நாகர்கோவில்):
ஐயா, அட்டவணைக்குள் கண்ட்ரோல் எண்டர் அழுத்திப் பக்கம் பிரித்திருந்தால், அதற்குப் பின் தலைப்பு திரும்ப வராது. அந்தப் பிரிப்பை நீக்கிவிடுங்கள். டேபிள் பிராப்பர்ட்டீஸில் 'டெக்ஸ்ட் ராப்பிங்', 'நன்' என்று இருக்க வேண்டும். அங்கேயே 'அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' குறியை எடுத்துவிட்டால், ஒருவருடைய கணக்கு பாதியில் அறுபட்டு இரு பக்கங்களில் கிடக்காது.

பதில் (மார்த்தாண்டம்):
எண்கள் உள்ள கட்டங்களைத் தெரிவு செய்து, இடப்பக்கச் சீரமைப்பில் வைத்து, ரூலரில் டெசிமல் டேப் ஒன்றை இடுங்கள். டேப் விசையைத் தட்டாமலேயே புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும். ஸ்பேஸ் தட்டி நேராக்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எழுத்துரு மாறினால் அத்தனையும் கலைந்துவிடும்.