பழைய கருந்திராட்சைக் கொடியைக் காப்பாத்தணும்: இத்தாலி ரூக்கே வழி இங்க செல்லுமா?

தளி_ரோடு:
தேன்கனிக்கோட்டையில ஒரு பழைய வீட்டுக் கொல்லையில கருந்திராட்சைக் கொடி ஒண்ணு இருக்கு. கார்த்திகையில வீட்டை இடிக்கிறாங்க. இத்தாலியில ரூக்கேன்னு அழியப்போன ஒயின் ரகத்தை ஒரு பாதிரியார் மீட்டாராமே, அதே வழி இங்க செல்லுமா? விதை எடுத்து வெச்சா போதுமா, இல்ல வேரோட பெயர்த்து நடலாமா?

பந்தக்கால்:
விதை வேண்டாங்க. திராட்சை விதையில முளைக்கிறது தாய்க்கொடி ஆகாது, ஒவ்வொண்ணும் புது ரகம். ரூக்கேயே அப்படி ரெண்டு ரகம் கலந்து விதையில பிறந்ததுதான். குரோவாட்டினாவும் மால்வாசியா அரோமாட்டிகா டி பார்மாவும் அதுக்குப் பெற்றோர்னு டிஎன்ஏ ஆய்வு சொல்லுது.

இத்தாலியோட பியெட்மாண்ட் பகுதியில காஸ்டாஞோலே மொன்ஃபெராட்டோ ஊருக்குப் பங்குத்தந்தையா 1964ல வந்தவர் ஜாக்கோமோ காவ்தா. பங்குத் தோட்டத்துல பார்பேரா ரகத்துக்கு நடுவே கிடந்த ரூக்கே வரிசைகளைப் பெருக்கி, அதை மட்டும் தனியா ஒயின் போட்டார். அதுதான் முக்கியம். மத்த ரகத்தோட கலந்தே வடிச்சிருந்தா ரோஜா, மிளகு வாசனைக்காக யாரும் தேடி வந்திருக்க மாட்டாங்க. 1987ல டிஓசி, 2010ல அதுக்கும் மேல டிஓசிஜின்னு இத்தாலி அரசோட ஒயின் தரத் தகுதி கிடைச்சுது. இப்போ 7 ஊர்ல மட்டும் அந்தப் பேர்ல விக்கலாம், 90 சதவீதமாவது ரூக்கே இருக்கணும்.

ராயக்கோட்டை_நாத்து:
பெயர்த்து நட்டா பெரும்பாலும் காய்ஞ்சிடும், வேர் அவ்வளவு ஆழம் போயிருக்கும். குச்சிதான் வழி. செப்டம்பர்ல எடுங்க, ஐப்பசி மழை பிடிச்சா அடிச்சாம்பல் நோய் தளிரைத் தின்னுடும்.

பழுப்பேறி முத்தின குச்சி, பென்சில் கனம், 3-4 கணு, 25-30 செ.மீ. பச்சைக் குச்சி அழுகும். கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டி நேரா, மேல்வெட்டு கணுவுக்கு 2 செ.மீ. மேல சாய்வா. இல்லேன்னா நடும்போது தலைகீழாகிடும், அது நிறைய பேர் பண்ற தப்பு. கார்பெண்டசிம் (பூஞ்சை மருந்து) லிட்டருக்கு 1 கிராம் கரைசல்ல நனைச்சு, பாதி மணல் பாதி செம்மண் பையில 2 கணு உள்ள போக நடுங்க. நிழல்ல வெச்சு, ஈரம் காயாம, தண்ணி தேங்காம பார்த்துக்குங்க. இலை முதல்ல வந்துடும், வேர் பின்னாடிதான் வரும். துளிரைப் பார்த்து பையைப் பிரிச்சா போச்சு. 20 செடி வேணும்னா 50 குச்சி போடுங்க.

தளி_ரோடு:
டாக்ரிட்ஜ்னு ஒரு வேர்ச்செடி ரகத்து மேல ஒட்டணும்னு சொல்றாங்களே, அவசியமா?

ராயக்கோட்டை_நாத்து:
இத்தாலியில வேரைத் தாக்குற ஃபில்லாக்ஸெரா பூச்சிக்குப் பயந்து ஒட்டுறாங்க. இங்க டாக்ரிட்ஜ் போடுறது உப்புத்தண்ணிக்கும் வறட்சிக்கும். போர் தண்ணி உப்புன்னா ஒட்டுங்க, நல்ல தண்ணின்னா சொந்த வேரே போதும். ஒட்டுறதா இருந்தா ஆப்பு ஒட்டு, 2 மொட்டு உள்ள குச்சியோட அடியை 3 செ.மீ. ஆப்பு மாதிரி சீவி, டாக்ரிட்ஜ் தண்டைப் பிளந்து சொருகணும். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலயே இருக்கணும். மண் மூடினா மேல்குச்சி சொந்தமா வேர் விட்டு டாக்ரிட்ஜ் வீணாகும்.

பந்தக்கால்:
அதுக்கு முன்னாடி ரகம் எதுன்னு பாருங்க. இலைக்கு அடியில வெள்ளை ரோமம் கம்பளி மாதிரி இருந்து, அழுத்தினா தோல் வழுக்கிட்டு சதை உருண்டையா வெளிய வந்தா அது பெங்களூர் ப்ளூவாத்தான் இருக்கும், ஓசூர் பக்கம் அதுக்குப் பஞ்சமில்ல. அப்படி இல்லேன்னா பூனா பக்கம் மாஞ்சரியில இருக்கிற தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தைக் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு: கருந்திராட்சையில இலை சிவந்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னு, ஓரம் கீழ்ப்பக்கம் சுருண்டா இலைச்சுருள் வைரஸா இருக்கலாம். குச்சி வழியாவே பரவும், மருந்து இல்ல, வெந்நீர்ல முக்கினாலும் போகாது. அந்தக் கொடியில வெட்டின குச்சியை மத்த தோட்டத்துக்குக் கொண்டு போகாதீங்க. கொடியில எந்தப் பக்கம் இலை சுத்தமா இருந்தாலும் அது வைரஸ் இல்லாத குச்சின்னு அர்த்தமில்ல.