புதுப்பிப்பு: ஜெபத்தில் நன்றி சொல்ல வரவில்லை என்று கேட்டிருந்தேனே

மூன்று மாதம் முன்னால், ஜெபிக்க உட்கார்ந்தால் கேட்பது மட்டும்தான் வருகிறது, நன்றி சொல்ல மனசு ஓடவில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் நோட்டில் தினமும் பத்து நன்மை எழுதிப் பார்த்தேன், நாலாம் நாளே ‘காற்று, தண்ணீர், தூக்கம்’ என்று ஒப்புக்கு எழுத ஆரம்பித்ததால் விட்டுவிட்டேன். பலித்தது நீங்கள் சொன்ன, பைபிளில் உள்ள சங்கீதம் 136 என்ற துதிப்பாட்டு யோசனைதான். அதன் 26 வசனங்களும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடியும் இல்லையா, அதுபோல என் நாளையும் வரிவரியாகச் சொல்லி ஒவ்வொன்றின் பின்னாலும் அதைச் சேர்க்கச் சொன்னீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியது, அவர் கிருபை என்றுமுள்ளது. வேலையில் திட்டு வாங்கினேன்... இங்கே நாக்கு நின்றுவிட்டது. பைபிளில் 1 தெசலோனிக்கேயர் 5:18 ‘எல்லாவற்றிலேயும்’ நன்றி சொல்லச் சொல்கிறது, ‘எல்லாவற்றுக்காகவும்’ என்று இல்லை, அதாவது திட்டுக்காக அல்ல, திட்டு வாங்கிய நிலையிலும் நன்றி என ஒருவர் எழுதியிருந்தது அப்போதுதான் உறைத்தது. சரி என்று அதையும் சொல்லி முடித்தேன்.

எதிர்பாராதது ஒன்று. சொல்லிக்கொண்டே போனால் பாதி நன்மை யாராவது மனிதர் வழியாகத்தான் வந்திருக்கிறது, அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. நேற்று அண்ணிக்கு போன் போட்டு நன்றி சொன்னேன். “என்ன தம்பி, பணம் ஏதும் வேணுமா?” என்றார்.