புது வீட்டுக் கொல்லையில் மூன்று செடிகள்: பெயர் சொல்லுங்களேன்

செம்மண்:
தஞ்சாவூர்ப் பக்கம் வாங்கிய வீடு, ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. வேலியோரம் பத்தடிப் புதர்: ஒடுங்கிய நீள இலை, புனல் போல மஞ்சள் பூ, முக்கோணமாகப் பச்சைக் காய், கிள்ளினால் பால். கிணற்றடியில் தரையோடு படர்ந்த கொடி, இளஞ்சிவப்புப் பூ. வாசலில் கேரட் இலை போன்ற செடி, உச்சியில் பொடி வெள்ளைப் பூ. எதைப் பிடுங்குவது? நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது.

வேலியோரம்:
புதர் மஞ்சள் அரளி. முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். செடி முழுக்க விஷம், விதையில் மிக அதிகம். வாந்தியில் தொடங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். பழுத்துக் கறுத்த காய்க்குள் கெட்டியான கொட்டை இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் விளையாட எடுப்பார்கள். வாயில் போட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூஜைக்குப் பூ வேண்டும் என்று வைத்திருப்பார்கள். குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை தழைத்துவிடும், வேரோடு தோண்டுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். கண்ணில் பால் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தழையை எரிக்காதீர்கள், ஆடுமாட்டுக்கும் போடாதீர்கள். உதிர்ந்த கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், முளைக்கும்.

களைக்கொத்து:
வாசலில் இருப்பது பார்த்தீனியம். தோலில் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு வரும். அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பூத்துவிட்டதால் செடியின் உச்சியைப் பையால் மூடிப் பிடுங்குங்கள், இல்லையென்றால் விதை கொட்டிவிடும். உரக்குழிக்குள் போடவே கூடாது. உப்புக் கரைசல் அடிக்கச் சொல்வார்கள். வீட்டு மண் கெட்டுப்போகும்.

கிணற்றடிக் கொடி மூக்கிரட்டையா சாரணையா? பூ எங்கே இருக்கிறது? இலைக்கணுவில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் சாரணை. இலையும் சதைப்பற்றாக இருக்கும். மெல்லிய காம்பு நீண்டு கிளைத்து அதன் நுனியில் இருந்தால் மூக்கிரட்டை.

செம்மண்:
காம்பு நுனியில்தான். இலையின் அடி வெளிறியிருக்கிறது, காய் வேட்டியில் ஒட்டுகிறது.

களைக்கொத்து:
அப்படியானால் மூக்கிரட்டைதான், நல்ல கீரை. இருக்கட்டும். ஆனால் பூட்டிக் கிடந்த இடம். யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரிக்காமல் சமைக்காதீர்கள்.