டிசைன் மாணவர்கள் கையில் உளி: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஒரு பருவம் முழுக்க என் டிசைன் மாணவர்களைக் கல்தச்சர் ஒருவரிடம் உட்காரவைத்தேன். சொல்லிக்கொடுத்தது அவர்தான். நான் வருகைப்பதிவு எடுத்தேன், அவ்வளவே.

முதல் நாள் எல்லாரும் கணினியில் செய்த மாடலோடு வந்தார்கள். "நல்லா இருக்கு தம்பி" என்றவர், சுத்தியலால் இரண்டு கற்களைத் தட்டினார். ஒன்று கணீரென்றது. மற்றது டொக்கென்று அடங்கியது, உள்ளே விரிசல்.

அடி கையில் விழுந்துவிடுமோ என்று பிள்ளைகள் உளியின் தலையையே பார்ப்பார்கள், முனை எங்கோ போகும். அவர் முனையை மட்டும்தான் பார்ப்பார்.

ஒரு மாணவி கருங்கல்லில் தாழ்வான கிண்ணம் ஒன்று செய்தாள். மெருகேற்றும்போது உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. முதல் வாரம் உளியைச் செங்குத்தாகப் பிடித்து ஓங்கி அடித்திருக்கிறாள். கல் உள்ளே நசுங்கிய இடங்கள் அவை. "எந்த நாள் கோபமா இருந்தேன்னு இதுல தெரியுது சார்" என்றாள். கல்தச்சர் சிரித்துக்கொண்டே, புள்ளிகள் போக உள்பக்கத்தை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இறக்கச் சொன்னார். அதற்கு நான்கு நாள் ஆனது.

*

பதில் 1: நாங்கள் மாக்கல்லில் தொடங்கினோம். நகம் பட்டாலே கீறல் விழும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில், அதிலுள்ள டால்க் 1, கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸ் 7. இரண்டே நாளில் அழகழகாகச் செய்துவிட்டார்கள். அப்புறம் கருங்கல்லைக் கொடுத்தால், ஒரு மணி நேரத்தில் உளி மழுங்கிவிட்டது என்று வந்து நிற்கிறார்கள்! உளியைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, முனையை மட்டும் நீரில் தோய்த்து, மேலே மிச்சமிருக்கும் சூட்டில் முனைக்கு வைக்கோல் நிறம் ஓடிவரும்போது மறுபடி தோய்க்க வேண்டும். முந்தினால் முனை தெறிக்கும், பிந்தினால் மடங்கும். மாக்கல்லோடு நின்றிருந்தால் இதெல்லாம் தெரியவே வந்திருக்காது. நீங்கள் நேராகக் கருங்கல்லுக்குப் போனதுதான் சரி என்று இப்போது படுகிறது.

*

பதில் 2: தூசியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? கருங்கல், மணற்கல் தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். வந்தால் குணமாக்க முடியாது. நான் படித்தபோது கிரைண்டர் ஓட்டக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வோம். அது எதையும் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், சரியான சுவாசக் கவசமும் வேண்டும். இப்போது என் வகுப்பில் இவை இரண்டும் இல்லாமல் யாரும் உளியைத் தொடுவதில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருப்பார். வயசுதான் காரணம் என்று நினைத்திருந்தோம்.