‘ஒஹாயோ’ பாட்டும் கென்ட் வளாகத்து மேடும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வேலை பார்த்தபோது மூத்த சக ஊழியர் ஒருவரின் காரில்தான் தினமும் அலுவலகம் போவேன். வானொலியில் பழைய ராக் பாடல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஒஹாயோ’ என்ற பாட்டு தொடங்கினால் மட்டும் உடனே அணைத்துவிடுவார். மூன்றாம் முறை காரணம் கேட்டேன். அவருடைய அண்ணன் அந்த மாநிலத்தின் பகுதிநேர ராணுவமான தேசியக் காவல் படையில் இருந்தவராம். “அன்று அவன் அங்கே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தபின் சீருடையோடு கடைக்குப் போகக் கூசினான்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, பாட்டு சொல்லும் துப்பாக்கிச் சூடு நடந்த கென்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

1970 மே 4. வியட்நாம் போரின் தொடர்ச்சியாகக் கம்போடியாவுக்குள் படை நுழைவதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதை எதிர்த்து வளாகத்தில் மாணவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். காவல் படையினர் மேட்டிலிருந்து 13 நொடிகளில் 67 குண்டுகள் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் மேட்டில் நின்று கீழே பார்த்தபோதுதான் தூரம் உறைத்தது. இறந்தவர்களில் மிக அருகில் இருந்தவரே சுமார் 80 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறார். மாணவர்கள் கல்லெறிந்தார்கள் என்று காவல் படையினர் சொன்னார்கள். அங்கிருந்து கல்லெறிந்தால் மேடு வரை எட்டுமா?

இறந்த நால்வரும் விழுந்த இடங்களில் இன்று கார் நிறுத்த முடியாது. சுற்றிலும் குட்டையான விளக்குத் தூண்கள். சாண்ட்ரா ஷூயர் விழுந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். அவர் போராட வந்தவர் அல்ல, வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தவர். வில்லியம் ஷ்ரோடரோ ராணுவ அதிகாரிப் பயிற்சியில் இருந்த மாணவர்.

பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்து நீல் யங் எழுதிய பாட்டு இது. சம்பவம் நடந்த பதினேழே நாளில், அவரும் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோரும் சேர்ந்த ராக் குழு அதைப் பதிவு செய்துவிட்டது. இறுதியில் கிராஸ்பி கதறுவது நடிப்பல்ல. குடியரசுத் தலைவரைப் பெயர் சொல்லிச் சாடியதால் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதே குழுவின் ‘டீச் யுவர் சில்ட்ரன்’ அப்போது விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு இடையூறாகும் என்று தெரிந்தும் இதை வெளியிட்டார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

படையினரைப் பொம்மைச் சிப்பாய்கள் என்கிறது பாட்டு. அந்தச் சொல் நண்பரின் வீட்டில் எப்படித் தைத்திருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அந்த மேட்டில் நின்றவன் என்ற முறையில், அதில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்களன்று போய் வந்ததைச் சொன்னேன். ஆக்ரன் எல்லை தாண்டும் வரை அவர் பேசவில்லை. பிறகு, “அந்தப் பெண் விழுந்த இடத்தில் பூ இருந்ததா?” என்று கேட்டார்.

“கூழாங்கற்கள் வைத்திருந்தார்கள்” என்றேன்.