புது எலெக்ட்ரிக் கார் 80-ஐத் தாண்டினால் உதறுகிறது: மோட்டாரா, டயரா?

கேள்வி – பெருந்துறை

வணக்கமுங்க. புதிதாக எடுத்த எலெக்ட்ரிக் கார், இன்னும் முதல் சர்வீஸுக்கே விடவில்லை. வேலைக்காகக் கோவைக்கு 544 நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. செங்கப்பள்ளி தாண்டி ஆறு வழிச் சாலையில் 80-ஐ எட்டியதும் ஸ்டீயரிங்கில் நடுக்கம் தொடங்குகிறது. 90-ல் நன்றாகவே உதறுகிறது. 100-ஐ நெருங்கினால் கொஞ்சம் அடங்குகிறது. முன்சக்கர இழுவை வண்டி, டயர் 215/60 ஆர்17.

சர்வீஸ் சென்டரில் வீல் பேலன்ஸிங் செய்து கொடுத்தார்கள். மிஷினில் நான்கு சக்கரமும் பூஜ்யம் காட்டியது, ஆனால் உதறல் அப்படியே இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், "மோட்டார் டார்க் (முறுக்கு விசை) அதிகம் சார், எலெக்ட்ரிக் வண்டி எல்லாமே இப்படித்தான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் எல்லோரும் ஏறுகிற வண்டி. எதில் ஆரம்பித்துப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

பதில் – கோவை, கணபதி

மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரைப் பேலன்ஸிங் செய்வது எங்கள் தொழில், அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 69 செ.மீ., சுற்றளவு 2.17 மீட்டர். 90 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் விநாடிக்குச் சுமார் 11.5 சுற்று சுற்றுகிறது. ஒற்றை கியர் எலெக்ட்ரிக் கார்களில் மோட்டார், சக்கரத்தைப் போல 9, 10 மடங்கு வேகத்தில் சுற்றும். அதாவது விநாடிக்கு 100 சுற்றுக்கு மேல். ரோட்டாரில் கோளாறு இருந்தால் அது ரீங்காரமாகக் காதில் விழும், தரையில் கூச்சமாகத் தெரியும். கையில் பிடித்த ஸ்டீயரிங்கை உதற வைக்காது. நீங்கள் சொல்வது சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), டிரைவ் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பக்கத்துச் சமாச்சாரம்.

போனில் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியைப் போடுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதில் முடுக்கத்தின் அலைவரிசையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. போனை இரண்டு சீட்டுக்கும் நடுவில் அசையாமல் ஒட்டி வைத்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் வேண்டாம். 80-ல் 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 10 அதிர்வு) பக்கம் வரைபடத்தில் முள் எழுந்து, 90-ல் அதுவே 11.5-க்கு நகர்ந்தால் சக்கரம்தான். அவிநாசி சாலை மேம்பாலத்தில் சோதிக்க வேண்டாம், பால இணைப்புகள் தட்டுவதும் அளவில் சேர்ந்துவிடும்.

100-ல் அடங்குவதும் சக்கரத்தின் பக்கமே கை காட்டுகிறது. சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கு என்று ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு, பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள். சுழற்சி அதோடு ஒத்துப்போகும் இடத்தில் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும், தாண்டிவிட்டால் தணியும்.

பதில் – பல்லடம்

எங்கள் பக்கம் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியையே தள்ளும். இன்ஜின் சத்தம் இல்லாததால் எலெக்ட்ரிக் காரில் அது இன்னும் அதிகமாக உறைக்கும். காற்று இல்லாத விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர் – பெருந்துறை

பார்த்தேனுங்க. விடியற்காலையிலும் அதே வேகத்தில் அதே உதறல். காற்று விட்டு விட்டுத் தள்ளும், இது ஒரே சீராக இருக்கிறது.

பதில் – திருப்பூர்

என் வண்டியிலும் நடுக்கம் வந்தது, ஆனால் வேறு மாதிரி. 30-லிருந்து 60-க்கு அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தரை அதிரும், காலை எடுத்தால் போய்விடும். கடைசியில் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் என்று தெரிந்து வாரன்டியில் மாற்றினார்கள். அந்த ஜாயின்டில் மூன்று உருளைகள் இருப்பதால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மூன்று அதிர்வு வரும். உங்கள் வேகத்தில் 34, 35 ஹெர்ட்ஸில் முள் எழுந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் சுமை பெரும்பாலும் குறைந்துவிடும். எலெக்ட்ரிக்கில் காலை எடுத்ததும் ரீஜென் (மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பிடித்து, ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் முறுக்கப்படும். அதனால் ரீஜென் அளவைப் பூஜ்யத்தில் வைத்து, 95-லிருந்து தானாக வேகம் குறைய விட்டுப் பாருங்கள். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி உதறினால் ஷாஃப்டை விட்டுவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். உங்களுக்கு அது இல்லை என்றே தோன்றுகிறது.

பதில் – ஈரோடு, டயர் கடை

தம்பி, முதலில் சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உள்பக்கம் பாருங்க. மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதையில் போன வண்டிகளில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும், வெளியில் இருந்து தெரியாது. அதுவே உதறலுக்குப் போதும். ஹப்பும் ரிம்மும் ஒட்டும் முகத்தில் மண்ணோ துருவோ இருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும். மிஷினில் பூஜ்யம் காட்டிய சக்கரம் வண்டியில் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து காற்று. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் சில சமயம் அதிகக் காற்று அடைத்திருப்பார்கள், டெலிவரியில் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு குளிர்ந்த டயரில் ஒப்பிடுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வண்டி யார்டில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் டயர் தரையைத் தொட்ட இடம் தட்டையாகியிருக்கலாம். இருபது கி.மீ. ஓடிச் சூடானதும் சரியானால் கவலையில்லை. சூடான பிறகும் உதறினால் டயரே வட்டமாக இல்லை என்று பொருள். வட்டம் கெட்ட டயருக்கு எவ்வளவு வெயிட் ஒட்டினாலும் பலன் இல்லை. பேலன்ஸிங் எடையைச் சமன் செய்யும், உருவத்தைச் சரி செய்யாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது, இன்னும் பல பேர் வெயிட்டை மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள்.

பஞ்சருக்கு யாராவது திரவம் ஊற்றியிருந்தாலும் உதறும். ஸ்டெப்னி இல்லாத வண்டிகளில் இது நிறைய நடக்கிறது. சில எலெக்ட்ரிக் கார் டயர்களில் சத்தத்தைக் குறைக்க உள்ளே பஞ்சு ஒட்டியிருப்பார்கள், அது பெயர்ந்தாலும் இதே கதைதான்.

சோதனை எளிது. முன்சக்கரம் இரண்டையும் பின்னால் போட்டு ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு மாறினால் கோளாறு அந்த இரண்டில்தான். ஜாக்கி வைக்கும்போது கம்பெனி குறித்திருக்கும் இடத்தில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்குக் கீழே ஜாக்கி பட்டுவிடக் கூடாது, பக்கத்திலேயே நின்று பாருங்க.

கேள்வி கேட்டவர் – பெருந்துறை

எல்லோர் சொன்னதையும் செய்தேன். போனில் 90-ல் 11, 12-க்கு நடுவில் முள் எழுந்தது, 35 பக்கம் ஒன்றுமில்லை. ரீஜென் பூஜ்யத்திலும் மாற்றம் இல்லை. சக்கரங்களை இடம் மாற்றியதும் ஸ்டீயரிங் அமைதி, பின்சீட்டு அதிர்கிறது! டயர் கடையில் தூக்கிச் சுழற்றி டயல் கேஜ் (ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார்கள். ரிம் சரியாக ஓடுகிறது. முன் இடதுபக்கம் இருந்த டயர் மட்டும் 2 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்குகிறது. நான்கும் ஒரே தேதி டயர்தான்.

ஆனால் இதைக் காட்டினால், "டயர் எங்கள் வாரன்டியில் வராது" என்கிறார்கள். நானே ஒரு டயர் வாங்கிப் போட்டுவிடட்டுமா?

பதில் – ஈரோடு, டயர் கடை

இப்போதைக்கு வாங்காதீங்க. டயருக்குப் பொதுவாக டயர் கம்பெனிதான் தனியாக வாரன்டி தருகிறது. அந்தப் புகாரை வண்டி விற்றவர்கள் மூலமாகவே பதியச் சொல்லிக் கேட்கலாம். டயரைக் கழற்றி வேறு யாரிடமும் கொடுக்காமல் டயர் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை வைத்திருங்கள். டயல் கேஜ் ஓடும்போது வீடியோ எடுங்கள், டயரின் வரிசை எண்ணும் படத்தில் தெரியட்டும்.

பதில் – திருப்பூர்

சர்வீஸ் சென்டரில் குறை எழுதும் ஜாப் கார்டில் "80 முதல் 95 வரை உதறல், முன் இடது டயர் வட்டம் கெட்டுள்ளது" என்றே எழுத வைத்து நகல் வாங்குங்கள். "வாடிக்கையாளர் சத்தம் வருவதாகச் சொல்கிறார்" என்று எழுதினால் கையெழுத்துப் போட வேண்டாம். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

பதில் – ஈரோடு, டயர் கடை

புது டயர் வந்ததும் அதே மாடல், அதே எடைதாங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்க. பேட்டரியால் வண்டி கனம், அந்த எண் குறையக் கூடாது. ஹப் முகத்தைத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். நட்டுகளை எதிரெதிராக டார்க் ஸ்பானரில் முறுக்கி, நூறு கி.மீ.க்குள் ஒருமுறை மறுபடி சரிபார்க்கணும். அப்புறம் செங்கப்பள்ளி ரோட்டில் 90-ல் ஓட்டிவிட்டு முடிவை இங்கே எழுதுங்க தம்பி.